வலது முன்சக்கரம்

தகரக் கூரைக்கு அடியில் மழைக்காலம் முழுக்க வேலை செய்கிறவர்களுக்குச் சத்தம் போட்டுப் பேசும் பழக்கம் தானாக வந்துவிடும். மெக்கானிக்குக் கோடையிலும் அது விடவில்லை. அவர் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது என்று பெயர். அவர் வாயில் விழுந்த வாடிக்கையாளரும் சில சமயம் திரும்பி வரமாட்டார், அது வேறு விஷயம்.

பட்டறையில் பாதி வேலை அவர் மனைவியுடையது. தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். ஸ்பேனர் பிடிப்பது அவர் பாடு. ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, வண்டிக்கு எங்கே நோகிறது என்று திரையில் பார்த்துச் சொல்வது அக்கா பாடு. அந்தக் கருவி வந்த புதிதில், விற்றவன் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தான். மெக்கானிக் கொட்டாவி விட்டார், அக்கா கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து வண்டி அவளிடம் பேசும், அவள் அவரிடம் பேசுவாள், அவர் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

அன்று காலை தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தாள். தம்பியின் கார் வரவேண்டும். முந்தின நாள் போனில், "நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்க்கா. இந்தத் தடவையும் சரியாகலன்னா அப்புறம் வேற மாதிரிதான் யோசிக்கணும்" என்று சொல்லியிருந்தான். வேற மாதிரி என்றால் என்ன என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது தம்பி வீடு ஒன்றுதான். ஒரு விளக்கு எரிந்து அதுவும் இல்லாமல் போய்விடுமோ என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

விளக்கு என்றால் பெரிய விளக்கில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு மஞ்சளாக ஒரு கார்ப் படம், அதன் பின்னால் நெளிந்த இரண்டு கோடு. சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு ஒன்று இந்தக் காலத்து வண்டிகளில் உண்டு. அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சமதரையில் குடியிருப்பவன் அதைக் கண்டும் காணாமல் ஓட்டிக்கொண்டு போகலாம். தம்பி வீடு மேட்டுக் குடியிருப்பில் கடைசி வீடு. மழை பிடித்தால் அந்த ஏற்றத்தில் செருப்புக் காலே நிற்காது. வீட்டிலோ நிறைமாதமாக அவன் மனைவி.

எல்லாம் ஒரு உறுமலில் ஆரம்பித்தது. தம்பி பஸ் டிரைவர். வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கிய பழைய காரில் ஏதோ உறுமுகிறது என்று மாமாவிடம் கொண்டுவந்தான். மெக்கானிக் வலது முன்சக்கரத்துப் பேரிங்கை மாற்றினார். உறுமல் நின்றது, விளக்கு எரிந்தது. மறுபடி வந்தான், சக்கரத்தின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கிற சென்சாரைத் துடைத்துக் கொடுத்தார். எரிந்தது. இன்னொரு தடவை வந்தான், சென்சாரையே புதிதாக மாற்றினார். வீடு போய்ச் சேர்வதற்குள் எரிந்தது. அதற்கடுத்து வந்தபோதுதான் பேச்சு தடித்தது.

"வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டத் தெரியாதவன் கையில கொடுத்தா எல்லா லைட்டும்தான் எரியும்" என்றார் மெக்கானிக்.

பஸ் டிரைவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது. தம்பி குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மெக்கானிக்கும் அவன் பேச்சை எடுக்கவில்லை. சொல்லிவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்தது என்பது அக்காவுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் அவராக இருக்கமாட்டாரே.

கார் வந்து நின்றது. தம்பி இறங்கி, தலையில் விழுந்த தூறலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக அக்காவிடம் வந்து சாவியை நீட்டினான். மெக்கானிக் இரண்டடி தள்ளி இன்னொரு வண்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"வண்டிய உள்ள விடச் சொல்லு" என்றார், தலையை எடுக்காமல்.

"உள்ள விடச் சொல்றாரு" என்றாள் அக்கா.

"கேட்டுச்சு. எங்க விடணும்னு கேளு."

"எங்க விடணும்னு கேக்குறான்."

"ஏன், இதுக்கு முன்னாடி எங்க விட்டானாம்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன மைக்கா? ஜாக்கி இருக்கிற இடத்துல விடுடா."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு போய் வண்டியை விட்டான்.

"அவ எப்படி இருக்கா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"இருக்காக்கா. கால்தான் வீங்குது. நேத்து டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா. எப்ப வேணா வலி எடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

மெக்கானிக் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி மேலே எழும்பியது. சக்கரத்து மூடியை நெம்பி எடுத்து, நட்டில் ஸ்பேனரை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் கடைசியில் ஒவ்வொரு நட்டின் குறுக்கேயும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இப்போது ஒரு கோடும் நேராக இல்லை. ஒன்று இடது பக்கம் பார்த்தது, ஒன்று வலது பக்கம்.

"வேற கை பட்டிருக்கு" என்றார்.

சத்தமே போடவில்லை. அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் வெளியே மழையைப் பார்த்தான்.

"ஆமா மாமா. ஒரு இடத்துல காட்டினேன்" என்றான். கோபத்துக்குப் பிறகு அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னாங்க?"

"பார்த்தாங்க. ஒண்ணும் பண்ணல. மூடிக் குடுத்துட்டாங்க."

மெக்கானிக் மேற்கொண்டு கேட்கவில்லை. நட்டுகளைக் கழற்றித் தட்டில் போட்டார். ஒவ்வொன்றும் விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அக்கா ஸ்கேனரை எடுத்துக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முகத்தைத் திரைக்குள் வைத்துக்கொள்ள அந்த நேரத்தில் ஒரு வேலை கிடைத்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"இடது பக்கம் சுத்துறேன், பாரு" என்றார்.

"ஓடுது."

"இப்ப வலது."

திரையில் நாலு சக்கரத்துக்கும் நாலு எண். மற்ற மூன்றும் கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளைகள். வலது முன்சக்கரம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சக்கரம் கண்முன்னே சுற்றிக்கொண்டிருந்தது, வண்டியின் கணக்கில் அது நின்றுகொண்டிருந்தது.

"பூஜ்யம்" என்றாள் அக்கா.

இதே பூஜ்யத்தை அவள் முதல் தடவையே பார்த்திருந்தாள். 'அந்தச் சக்கரத்துலதானே பேரிங் போட்டீங்க' என்று அப்போது ஒரு வார்த்தை கேட்டும் விட்டாள். 'பேரிங்குக்கும் லைட்டுக்கும் என்னடி சம்பந்தம்? பேரிங் சுத்தும், லைட்டு எரியும். நீ திரையில வர்றத மட்டும் படி' என்று அவர் கத்திய கத்தலில், வாசலில் டயருக்குக் காற்றடிக்க வந்தவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக் இப்போது அவசரப்படவில்லை. இரண்டு பக்கத்துச் சென்சாரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். சென்சார்தான் கோளாறு என்றால் பூஜ்யம் இடது பக்கம் போகவேண்டும். போகவில்லை. வலது பக்கமே பிடிவாதமாக நின்றது. அப்புறம் ஒயர். மின்னோட்டம் இருந்தால் கூவுகிற மீட்டரின் இரண்டு முனையையும் வைத்து, ஒயரைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நெளித்து நெளித்துப் பார்த்தார். எங்காவது உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் ஒரு தடவையாவது ஊமையாகும். ஆகவில்லை. ஒயரும் நன்றாக இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்றார்.

சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா டப்பாவைத் திறந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்திருந்தாள். தம்பி வருவான் என்று கூடுதலாகவே எடுத்து வந்திருந்தாள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி நடுவில் உட்காராமல் ஓரத்தில் உட்கார்ந்தான். மெக்கானிக் முட்டையை உரித்த ஓட்டை ஒவ்வொன்றாக டப்பா மூடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கண் மட்டும், தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் மேலேயே இருந்தது.

"சென்சார் இல்ல. ஒயர் இல்ல" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. "அப்ப பேரிங்தான் மிச்சம்."

அக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். தம்பி அவளைப் பார்த்தான், அவள் தம்பியைப் பார்த்தாள். இருவருமே சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இவன் ஏன் திருப்புகிறான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை, அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

பேரிங்கை வெளியே எடுப்பது சட்டையைக் கழற்றுகிற காரியமில்லை. நடு நட்டைத் தளர்த்தவேண்டும், பிரேக்கைக் கழற்றித் தொங்கவிடவேண்டும், சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு முழுவதையும் பிரித்து எடுத்து, அமுக்கித் தள்ளுகிற பிரஸ்ஸுக்குக் கொண்டுபோகவேண்டும். நடு நட்டு அசையமாட்டேன் என்றது. மெக்கானிக் நீளக் குழாயை மாட்டித் தொங்கினார்.

"மாப்ள, இந்தப் பக்கம் புடி" என்றார்.

மாப்ள என்ற சொல் வேலை மும்முரத்தில் தானாக வந்து விழுந்தது. தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் பிடித்தான். இருவரும் சேர்ந்து அமுக்கியதில் நட்டு 'மடக்' என்று விட்டது.

பிரஸ்ஸின் கைப்பிடியை அக்கா அடித்தாள். தம்பி இரும்பை ஆடாமல் பிடித்துக்கொண்டான். மெக்கானிக் குனிந்து பார்த்து, "அடி, அடி, இன்னும் அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பேரிங் கழன்று கீழே விழுந்தது. அவர் அதைத் துணியால் துடைத்து வேலை மேசையில் வைத்தார். மேசை முழுக்க, காலையில் கிரைண்டர் ஓட்டியதில் விழுந்த இரும்புத்தூள். பேரிங்கைத் திருப்பிப் பார்க்கக் கையில் எடுத்தபோது ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. இன்னொரு பக்கத்தில் தூள் ஒட்டியிருந்தது. ஒட்டியது என்றால் அப்பிக்கொண்டு இல்லை, சீப்புப் பல் மாதிரி வரிசையாக, வட்டம் முழுக்க, ஒரே இடைவெளியில் கோடு கோடாக நின்றது.

மெக்கானிக் விரலால் துடைத்தார். மறுபடி மேசையில் வைத்து எடுத்தார். மறுபடி அதே கோடுகள்.

"காந்தம்" என்றார்.

கூரையில் மழை வலுத்தது.

அவருக்கு விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அந்தக் காந்தக் கோடுகளைத்தான் சென்சார் எண்ணுகிறது. அது சென்சாரைப் பார்த்து உள்பக்கம் இருக்கவேண்டும். அவர் வெளிப்பக்கம் போட்டிருந்தார். ஏன் போட்டார் என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது. பேரிங்கில் எண் பொறித்த பக்கத்தை எப்போதும் வெளியே வைத்துத்தான் ஏற்றுவார். நாளைக்கு எவனாவது பிரித்தால், எந்தப் பேரிங் என்று முதல் பார்வையிலேயே படிக்கட்டும் என்பதற்காக. முன்பின் தெரியாத அடுத்த மெக்கானிக்குக்கு இவர் செய்துவைக்கிற மரியாதை அது. பழைய பேரிங்குகளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். இந்தப் புது மாதிரியில், எண் பொறித்த பக்கமே காந்தப் பக்கமாக இருந்து தொலைத்தது.

"திருப்பிப் போட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக். பேரிங்கைக் கீழே வைத்தார். "இது போச்சு. எடுத்தா மறுபடி போட முடியாது. புதுசு வாங்கணும். கடைக்குப் போன் போடு."

அக்கா போனை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, பழைய துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிரிக்காத புதுப் பேரிங்.

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கின?"

"சென்சார் மாத்தினீங்கல்ல, அன்னைக்கு. சென்சார் வாங்கப் போனப்ப கடைக்காரர்கிட்ட கேட்டேன். இந்த மாடலுக்கு ஒரு பக்கம் காந்தம் இருக்கும், மாத்திப் போட்டுறாதீங்கன்னு சொன்னாரு."

"அப்ப அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லல."

"ஒரு தடவ சொல்ல வந்தேன். அதுக்குக் கிடைச்சது ஞாபகம் இல்லையா? நீங்களா வந்து சேருவீங்கன்னு வாங்கி வெச்சுட்டேன்."

மெக்கானிக் தம்பி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "மாப்ள, தப்பு என்னோடது. நீ ஓட்டுறதுல ஒண்ணும் இல்ல. நான்தான் திருப்பிப் போட்டுட்டேன்."

தம்பி தரையைப் பார்த்தான். "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அங்க காட்டினேன்ல. அவங்க சென்சார் ஓட்டை வழியாப் பாத்ததுமே சொல்லிட்டாங்க, பேரிங் திரும்பி இருக்குன்னு. மாத்தித் தரட்டுமான்னு கேட்டாங்க. வேணாம், மூடிக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"ஏன்டா?"

"நீங்க போட்டத வேற ஒருத்தன் பிரிச்சு, தப்புன்னு சொல்லி மாத்துறதா? அது நல்லாவா இருக்கும்? நீங்களே பிரிச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும்னு நெனச்சேன். நான் சொன்னா இன்னும் சண்டைதானே வரும்."

அக்காவுக்குக் கண் கரித்தது. இரவெல்லாம் இவனை எண்ணிப் பயந்து கிடந்தது என்ன, இவன் செய்திருப்பது என்ன. வேற மாதிரி யோசிக்கணும் என்றானே, அது உறவை முறிப்பதற்கில்லை, வாயைத் திறப்பதற்குத்தான் என்று இப்போது புரிந்தது. அவனை இழுத்து வைத்து முதுகில் ஒன்று போடவேண்டும்போல இருந்தது. ஆனால் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அவ நேத்து டாக்டர்கிட்ட போயிட்டு வந்தான்னியே" என்றார். "எதுல போனா?"

தம்பி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"இந்த வண்டியிலயா?"

"இல்ல மாமா. மழையில இத அந்த ஏத்தத்துல ஏத்த எனக்கே பயமா இருந்துச்சு. பஸ்ஸுலதான். நான் ஓட்டுற பஸ்ஸுலதான் வந்தா. எனக்குப் பின்னாடி சீட்டுலதான் உக்காந்திருந்தா. மெதுவாத்தான் ஓட்டினேன்."

"பஸ் மேல ஏறாதே. ஸ்டாப் கீழதானே இருக்கு."

"கீழ இருந்து நடந்தா."

"அந்த ஏத்தத்துல. மழையில. அந்த நிலைமையில."

"அவளுக்கும் தெரியும் மாமா. அண்ணன் கையாலயே சரியாகட்டும், அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொன்னா."

மெக்கானிக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கத்துவார் என்று அக்கா காத்திருந்தாள். கத்தவில்லை.

"ஆக, உனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றார். "எல்லாரும் சேர்ந்து என் மூஞ்சியக் காப்பாத்தியிருக்கீங்க. அதுக்கு ஒரு நிறைமாசக்காரி மழையில மேடு ஏறியிருக்கா. ஒருத்தராவது வாயத் திறந்திருக்கலாம்ல?"

"திறந்தா நீங்க விட்டிருப்பீங்களா?" என்றாள் அக்கா.

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. சொன்னபிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் எழுந்து புதுப் பெட்டியைப் பிரித்தார்.

மாலைவரை வேலை நடந்தது. பேரிங்கை ஏற்றும் முன் இரண்டு பக்கத்தையும் இரும்புத்தூளில் வைத்துப் பார்த்தார், காந்தப் பக்கத்தை உள்ளே வைத்தார். எண் உள்ளே மறைந்துபோனது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு, "படிக்கிறவன் பிரிச்சுப் படிச்சுக்கட்டும்" என்று சொல்லிப் பிரஸ்ஸை இறக்கினார். எல்லாம் மாட்டி முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

"என்ன சொல்லுது?"

"ஓடுது" என்றாள் அக்கா. இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நல்லாவே ஓடுது" என்றாள்.

வண்டியில் பதிந்திருந்த பழைய கோளாறுக் குறிப்பை ஸ்கேனரில் அழித்துவிட்டு, மெக்கானிக்கும் தம்பியுமாக மழையில் வண்டியை எடுத்துப்போய்ச் சுற்றிவிட்டு வந்தார்கள். தம்பிதான் ஓட்டினான். திரும்பி வந்து நின்றபோது அக்கா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவன் எடுப்பதற்குள் மெக்கானிக் கையை நீட்டினார். "இங்க குடு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு கூரை விளிம்புவரை போனார். "நான்தாம்மா பேசுறேன். வண்டி சரியாயிடுச்சு... ஆமா, நான்தான் திருப்பிப் போட்டிருந்தேன்... உன்னத்தான் அலைய விட்டுட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்தப் பக்கம் தம்பி மனைவி பேசிக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. யார் பேசினாலும் பாதியில் குறுக்கே விழுகிற மனுஷன், வாயைத் திறக்காமல், சாரல் தோளில் அடிப்பதுகூடத் தெரியாமல், நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து போனைத் தம்பியிடம் கொடுத்தார்.

"என்ன மாமா சொன்னா?"

"திட்டினா."

"திட்டினாளா?" தம்பி பதறிப்போனான். "அவ ஏதோ கால்வலியில..."

"நல்லாத் திட்டினா. ஓட்டத் தெரியாதவன்னு சொன்னதுக்குத் தனியா, மேடு ஏறினதுக்குத் தனியா." கையைக் கழுவக் குழாயடிக்குப் போனவர் பாதியில் நின்றார். "ஒருத்தியாவது திட்டினாளே."

தம்பி கிளம்பினான். வண்டி தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சற்று நேரம் துணியையே மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் ஏதாவது இருந்தா சொல்லிரு" என்றார். "கத்த மாட்டேன்."

"நிறைய இருக்கு."

"இருக்கட்டும். கேக்குறேன்."

அக்கா ஸ்கேனரைப் பெட்டியில் வைத்து மூடினாள். மேசைக்குப் பின்னாலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து, அவருக்கு நேர் எதிரே போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.